பனாமாப் பூசந்தி மூடியது எப்போது: 28 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பா, 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பா?

சிவன்மலை அடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் பனாமாப் பூசந்தியால் இணைந்தது ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி அச்சிட்ட தாளோடு வந்து, "ஐயா, இதில் 1 கோடியே 30 இலட்சம் ஆண்டு என்று இருக்கிறதே, எதை எழுதுவது?" என்று கேட்டாள். பத்து, இருபது விழுக்காடு வேறுபாடு என்றால் அளவீட்டுப் பிழை என்று சொல்லிவிடலாம். நான்கு மடங்குக்கும் மேல் வேறுபடும் இரண்டு விடைகளில் ஒன்றை அவளுக்குச் சொல்லுமுன், இங்குள்ளவர்களோடு கலந்து பேச விரும்புகிறேன்.

நான் படித்துப் புரிந்துகொண்டதைச் சுருக்கமாக வைக்கிறேன். கரீபியக் கடலடியிலிருந்தும் கிழக்குப் பசிபிக் கடலடியிலிருந்தும் துளையிட்டு எடுத்த மண்தூண்களில் உள்ள நுண்ணுயிர் ஓடுகளை ஒப்பிட்டு, லாய்டு கெய்க்வின் 1978இலும் 1982இலும் எழுதிய கட்டுரைகள் 30 இலட்சம் என்னும் எண்ணுக்கு உறுதியான அடித்தளம் இட்டன. அந்தக் காலத்தை ஒட்டியே இரு கண்டங்களின் பாலூட்டிகளும் பெருவாரியாக இடம் மாறியிருப்பது புதைபடிவங்களில் தெரிகிறது. ஆர்மடில்லோவும் ஒபோசமும் வடக்கே போயின. ஒட்டகக் குடும்பமும் குதிரையும் பூனைக் குடும்பமும் தெற்கே வந்தன. இந்த இரு சான்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால் பாடநூல்கள் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டன.

2015இல் கமிலோ மொந்தெஸ் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதை அசைத்தது. கொலம்பியாவின் வடபகுதியில் 1 கோடியே 30 இலட்சம் முதல் 1 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் படியவைத்த மணலில், பனாமாவின் எரிமலைப் பாறைகளுக்கே உரிய வயதுடைய சிர்க்கான் என்னும் கனிம மணிகளை அவர்கள் கண்டார்கள். ஆற்று நீர் கடலைத் தாண்டி மணலைக் கொண்டுபோகாது. ஆகவே அப்போதே பனாமாவும் தென் அமெரிக்காவும் ஒட்டிவிட்டன என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டில் கிறிஸ்டின் பேக்கன் குழுவினர் பல்வேறு உயிரினங்களின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்து, 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிரினங்கள் இடம் மாறத் தொடங்கிவிட்டன என்று எழுதினர். மறு ஆண்டே ஆரன் ஓ'டீயும் முப்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்களும் சேர்ந்து, எல்லாச் சான்றுகளையும் மறுபடி எடைபோட்டு, பூசந்தி முழுமையடைந்தது ஏறத்தாழ 28 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் என்று பதில் எழுதினர். 2017இல் அந்தப் பதிலுக்கும் மறுப்புகள் வந்தன.

எனக்கு 28 இலட்சமே சரியென்று படுகிறது. எனினும் அந்த மணல்மணிகளை எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை. கல்லைப் படித்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நொய்யல் கரைக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புவியியல் எனக்குத் தெரியாது. கரை கட்டுவதும் உடைப்பு அடைப்பதும் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால், நீங்கள் கேட்கும் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

வெள்ளத்தில் குளக்கரை உடைந்துவிட்டால் அதை எப்படி அடைப்போம் என்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் சவுக்குக் கட்டைகளை நட்டு, மண்மூட்டைகளை அடுக்கிக்கொண்டே நடுவை நோக்கி வருவோம். முதலில் அடிமட்டம் உயரும். ஆழத்தில் ஓடும் நீர் நிற்கும். மேலே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வாய் குறுகக் குறுக நீரின் வேகம் கூடும். கடைசி ஐந்தடி அடைபடும் வரை உள்ளே உள்ள நீர் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். அது அடைபட்ட பிறகும் ஈரமண் இறுகி, அதன்மேல் ஒரு மாடு நடந்து அக்கரை போவதற்குச் சில நாள்கள் ஆகும். இந்த வேலையில் கரை "மூடிய நாள்" எது? அடித்தளம் உயர்ந்த நாளா, நீர்மட்டம் இரு பக்கமும் வேறுபடத் தொடங்கிய நாளா, கடைசி மூட்டை விழுந்த நாளா, மாடு நடந்த நாளா? வேலைப் பதிவேட்டில் நாங்கள் எழுதுவது கடைசி மூட்டை விழுந்த நாளை. கீழ்மடை விவசாயியைக் கேட்டால் தன் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளைச் சொல்வார்.

உங்கள் அறிஞர்கள் வெவ்வேறு நாள்களை அளந்துகொண்டு ஒரே நாளைப் பற்றிச் சண்டையிடுகிறார்களோ என்று எனக்கு ஐயம்.

சங்ககிரிக் கல்

ஐயா, சிர்க்கான் பற்றிக் கேட்டீர்கள். நான் சேலத்தில் புவியமைப்பியல் முதுகலை படிக்கும் மாணவன். ஆய்வேட்டுக்காக நம் பகுதிப் பாறைகளிலிருந்து சிர்க்கான் மணிகளைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிர்க்கான் பாறைக்குழம்பு உறையும்போது உருவாகும் சிறு படிகம். உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய ஏற்காது. ஆகவே பின்னாளில் அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டுகளும் ஆகும். ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுவதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். பாறை கரைந்து, மணலாகி, ஆற்றில் உருண்டு, வேறொரு நாட்டில் படிந்தாலும் மணியின் வயது மாறாது. மணிகளைத் தனித்தனியே பொறுக்கி எடுத்து அளக்கும் வேலை எவ்வளவு பொறுமை கேட்பது என்பது எனக்குத் தெரியும். அதனால் மொந்தெஸ் குழுவின் அளவீடுகளை நான் முழுமையாக மதிக்கிறேன். கேள்வி அளவீட்டில் இல்லை, "இந்த வயதுடைய மணி பனாமாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்" என்னும் அடுத்த படியில் இருக்கிறது.

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகளின் சிர்க்கான்கள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. நாளைக்கு ஒருவர் தஞ்சாவூரில் காவிரி மணலை அள்ளி, அதில் 250 கோடி ஆண்டு வயதுடைய மணிகளைக் கண்டு, "இவை சேலத்திலிருந்து வந்தவை, ஆகவே காவிரி சேலம் வழியே வந்தது" என்று எழுதினால் முடிவு சரியாகத்தான் இருக்கும், காரணம் தவறாக இருக்கும். ஏனென்றால் கர்நாடகத்தில் காவிரி அறுத்துவரும் கருங்கல் பகுதிகளிலும் அதே வயதுடைய பாறைகள் நிறைய உண்டு. மேட்டூருக்குக் கீழே ஒரு துணையாறுகூடக் கலக்காவிட்டாலும் அந்த மணிகள் தஞ்சாவூரில் கிடைக்கும்.

ஓ'டீ குழுவினரின் மறுப்பில் முதன்மையானது இதுதான். அந்த வயதுடைய எரிமலைப் பாறைகள் பனாமாவில் மட்டும் இல்லை. தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலேயே அத்தகைய மூலங்கள் உண்டு என்கிறார்கள். மொந்தெஸ் பக்கத்தார், வயதுகளின் கலவை பனாமாவோடுதான் பொருந்துகிறது என்று விடை சொல்கிறார்கள். ஒரு மணியின் வயதைவிட நூறு மணிகளின் வயதுப் பரவல் நல்ல கைரேகை என்பது உண்மை. ஆனால் கைரேகையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதில்லை.

இன்னொன்று. மொந்தெஸ் குழுவினர் மூடியது என்று சொல்வது பனாமா வளைவு என்னும் எரிமலை நிலத்தொடருக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவில் இருந்த ஆழக்கடல் வாயை. அதற்கு மேற்கே, பூசந்தியின் வேறு இடங்களில், ஆழமற்ற நீர்வழிகள் பின்னரும் திறந்திருக்கலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். செய்தித்தாள்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டன. நொய்யல் கரைக்காரர் ஐயா சொன்ன முதல் நாள் இதுதான்: அடிமட்டம் உயர்ந்த நாள்.

பவானி கூடுதுறை

கடல்நீரின் வேதியியலில் வேலை செய்கிறேன். நான் இப்போது இருப்பது கடற்கரையில். பிறந்து வளர்ந்தது கூடுதுறைக்கு அருகில். காவிரியும் பவானியும் கலக்கும் இடத்தில் சில நாள்கள் இரண்டு நீரும் நிறம் வேறுபட்டுத் தெரியும். கீழே போகப்போக ஒன்றாகிவிடும். இரண்டு கடல்களுக்கும் இதுவே பொருந்தும்: வழி இருக்கும் வரை நீர் கலந்து ஒன்றுபோல் இருக்கும், வழி அடைபட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறும்.

கரீபியக் கடலில் ஆவியாகும் நீரைக் கிழக்குக் காற்று பூசந்தியைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பசிபிக்கில் மழையாகக் கொட்டுகிறது. நன்னீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருப்பதால் கரீபியக் கடல் உப்புக் கூடியதாகவும் கிழக்குப் பசிபிக் உப்புக் குறைந்ததாகவும் இருக்கின்றன. வழி திறந்திருந்தால் இந்த வேறுபாடு நிலைக்காது. ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிசன் முதலில் போவதால், மிஞ்சும் நீரில் எடை கூடிய ஆக்சிசன்-18இன் பங்கு கூடும். அந்த நீரில் வாழும் ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் தன் சுண்ணாம்பு ஓட்டில் அதைப் பதிந்துவைக்கும். கெய்க்வின் படித்தது இந்தப் பதிவைத்தான். ஜெரால்ட் ஹாக், ரால்ஃப் டீடமன் ஆகிய இருவரும் 1998இல் 'நேச்சர்' இதழில் எழுதியபடி, 46 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இரு கடல்களின் மேல்நீரும் வேறுபடத் தொடங்கிவிட்டது.

ஆழ்நீரின் கதை வேறு. நியோடிமியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதம் ஆழ்நீர் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். அதன்படி பசிபிக் ஆழ்நீர் கரீபியத்துக்குள் வருவது இதற்கும் பல இலட்சம் ஆண்டுகள் முன்பே, மியோசீன் காலத்திலேயே (ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை), குறைந்துவிட்டது. ஆகவே ஆழம் முதலில் அடைபட்டது, மேல்நீர் பின்னர் வேறுபட்டது என்ற வரிசையில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஒரு நேர்மையான எச்சரிக்கை. உப்பு வேறுபட்டதற்குக் கரைதான் காரணம் என்று சொல்ல, காற்றும் மழையும் அதுவரை இருந்தபடியே இருந்தன என்று கொள்ள வேண்டும். பீட்டர் மோல்னர் 2008இல் எழுதிய திறனாய்வில் இதைத்தான் கேட்டார்: பசிபிக்கின் வெப்பநிலையும் மழையும் மாறினாலும் இதே வேறுபாடு தோன்றலாமே? இந்தக் கேள்விக்கு என் துறையினர் இன்னும் முழுமையாக விடை தரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தாராபுரம் வாசகி

நான் இந்தத் துறை சார்ந்தவள் இல்லை. ஒரு கேள்வி மட்டும். 28 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் நிலம் முழுதாக இணைந்தது என்றால், அதற்கு முன்பே அக்கரை சேர்ந்த விலங்குகள் உண்டு என்று ஓரிடத்தில் படித்தேனே, அவை எப்படிப் போயின?

ஆனைமலைச் சோலை

நல்ல கேள்வி, அம்மா. இந்த விவாதத்தின் நடுவே நிற்கும் கேள்வி அதுதான். நான் பொள்ளாச்சியில் விலங்கியல் கற்பிக்கிறேன்.

ஸ்லாத் என்னும் மந்த விலங்கின் தரைவாழ் உறவினங்கள் தென் அமெரிக்காவில் தோன்றியவை. அவை ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வட அமெரிக்காவில் காணப்படுகின்றன. மறுதிசையில், ரக்கூன் குடும்பத்து விலங்கு ஒன்று ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அர்ச்சென்டினாவில் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட வியப்பானது பனாமாக் கால்வாயை அகலப்படுத்தத் தோண்டியபோது கிடைத்த குரங்கின் பற்கள். 2 கோடியே 10 இலட்சம் ஆண்டு வயதுடைய பாறையில் ஏழு பற்கள். 2016இல் அதற்குப் 'பனாமாசீபஸ்' என்று பெயரிட்டார்கள். தென் அமெரிக்கக் குரங்கினம் அது. அந்தக் காலத்தில் நடுவில் அகன்ற கடல் இருந்ததை 1 கோடியே 30 இலட்சம் என்று வாதிடுபவர்களும் ஒப்புக்கொள்வார்கள். வெள்ளத்தில் வேரோடு பெயர்ந்து மிதந்துபோன மரத்திட்டின் மேல் அவை போயிருக்க வேண்டும். பவானியிலும் ஆழியாற்றிலும் புதுவெள்ளம் வரும்போது புதரோடு பாம்பும் உடும்பும் மிதந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இராது.

எனவே ஒரு விலங்கு அக்கரை சேர்ந்தது என்பது தரை இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது. சில விலங்குகள் போனதையும் கூட்டம் கூட்டமாகப் போனதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட்டம் போனது 28 இலட்சத்தை ஒட்டித்தான்.

இப்போது மரபணுச் சான்றுக்கு வருகிறேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கடல் இரண்டாகப் பிரிந்தபோது அதில் வாழ்ந்த உயிரினங்களும் இரண்டாகப் பிரிந்தன. இடுக்கியைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சிறு இறால்களின் இணை இனங்கள் பூசந்தியின் இரு பக்கமும் வாழ்கின்றன. பசிபிக் பக்கத்து இறாலுக்கு மிக நெருங்கிய உறவு கரீபியப் பக்கத்தில் இருக்கும். நான்சி நோல்ட்டனும் லீ வெய்க்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய 15 இணைகளை ஒப்பிட்டார்கள். எல்லா இணைகளும் ஒரே நாளில் பிரிந்திருந்தால் வேறுபாடும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படி இல்லை, சில இணைகள் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு வேறுபட்டிருந்தன. மிகக் குறைவாக வேறுபட்டவை அலையாத்திச் சேற்றில் வாழ்பவை. ஆழமான, தெளிந்த நீரில் வாழ்பவை அதற்கு வெகு முன்பே பிரிந்துவிட்டன. கரைக்காரர் ஐயாவின் உவமையில் கடைசி ஐந்தடி வாயில் நின்றவை சேற்று இறால்கள். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான சான்று இந்த விவாதத்தில் இல்லை.

அலையாத்தி இறால்கள் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று கொண்டு, பத்து இலட்சம் ஆண்டுக்கு 1.4 விழுக்காடு என்ற மரபணு மாற்ற வேகத்தை அவர்கள் கணக்கிட்டார்கள். இதுபோன்ற வேகங்களைப் பூசந்தியிலிருந்து எடுத்துத்தான் உலகம் முழுதும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளில், மரபணு வேறுபாட்டைக் கொண்டு காலம் கணிக்கும் மூலக்கூறுக் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள். அப்படித் திருத்திய கடிகாரத்தைக் கொண்டு பூசந்தியின் வயதைக் கணக்கிட்டால், நம் ஊர் மணிக்கூண்டைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருப்பிவைத்து, பிறகு அந்தக் கைக்கடிகாரத்தை வைத்து மணிக்கூண்டைச் சரிபார்ப்பது போலாகிவிடும். பேக்கன் குழுவின் தொகுப்பைப் படிக்கும்போது இந்த ஐயம் எனக்கு முதலில் எழுந்தது. பூசந்தி ஆய்வில் நெடுநாள் உழைத்த ஹாரிலாவோஸ் லெசியோஸ், அவர்கள் தரவுகளைத் தேர்ந்த விதமே முடிவை ஒருபக்கம் சாய்த்துவிட்டது என்று எழுதினார். அந்தக் குறை சரியானது என்றே கருதுகிறேன்.

சிவன்மலை அடிவாரம்

சோலை அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நிலப்பாலம் என்றதும் நம்மில் பலருக்கு லெமூரியா நினைவுக்கு வரும். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரின் லெமூர்களையும் இந்தியாவையும் தொடர்புபடுத்த, கடலில் மூழ்கிய ஒரு நிலத்தை ஊகித்தார். விலங்குகளை மட்டும் வைத்து நிலத்தை வரைந்த முயற்சி அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போனது. பனாமாவில் நிலம் நம் கண்முன் இருப்பதால் அந்தத் தவறு நேராது என்று இதுவரை எண்ணியிருந்தேன். நிலம் இருப்பதை விலங்கு காட்டத் தேவையில்லை என்றாலும், நிலத்தின் வயதை விலங்கைக் கேட்டுச் சொல்வதும் அதே வழுக்குப் பாதைதான் என்பது இப்போது புரிகிறது.

ஆனால் அம்மா, இதே வாதம் 28 இலட்சத்துக்கு எதிராகவும் திரும்பாதா? 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஸ்லாத் போனதால் நிலம் இருந்தது என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். அப்படியானால் 28 இலட்சத்துக்கு முன் கூட்டம் போகவில்லை என்பதால் நிலம் இல்லை என்றும் சொல்ல முடியாதே?

கொறங்காடு

ஆசிரியர் தொட்டது சரியான இடம். நான் விவசாயி, காங்கேயம் மாடுகள் வைத்திருக்கிறேன். மேய்ச்சல் பற்றிய எதையும் தேடிப் படிக்கும் பழக்கத்தால் இந்தப் பொருளுக்கு வந்துசேர்ந்தேன்.

நிலம் இருப்பது வேறு, மாடு நடப்பது வேறு. இன்றைக்குப் பனாமாவும் கொலம்பியாவும் ஒரே நிலம்தான். ஆனால் அலாஸ்காவிலிருந்து அர்ச்சென்டினா வரை போகும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை டாரியன் பகுதியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அறுந்து கிடக்கிறது. அடர்ந்த மழைக்காடும் சதுப்பும் அங்கே வழியை மறிக்கின்றன. சாலை போட்டால் தென் அமெரிக்காவின் கோமாரி நோய் வடக்கே ஏறிவிடும் என்ற அச்சமும் அந்த வேலை நின்றதற்கு ஒரு காரணம். கோமாரி வந்த பட்டியைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த அச்சம் எனக்கு நன்றாகப் புரியும். கால்நடை மருத்துவத்தின் கண்ணுக்கு அந்தக் காடு இன்றும் ஒரு கடல்தான்.

வெள்வேல் மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் உள்ள எங்கள் காட்டில் மேய்ந்து பழகிய மாட்டை வால்பாறைச் சோலைக்குள் விட்டால் அது நாலு நாள் தாங்காது. குதிரையும் ஒட்டகக் குடும்பமும் திறந்த புல்வெளி விலங்குகள். அவை கடக்க வேண்டுமென்றால் தரை மட்டும் போதாது. புல் வேண்டும், வறண்ட காலநிலை வேண்டும். மோல்னர் சொல்வதும் அதுதான்: 27 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வட துருவப் பக்கம் பனிப்படலங்கள் பெருகியபோது வெப்பமண்டலம் வறண்டது, காடு சுருங்கிப் புல்வெளி பரவியது, அப்போது மந்தைகள் நடந்தன. தரை அதற்கு நெடுநாள் முன்பே இருந்திருக்கலாம். அப்படியானால் மந்தை கடந்த நாள் பனிக்காலத்தின் வயதைத்தான் சொல்கிறது.

ஆனைமலைச் சோலை

ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. கொறங்காட்டுக்காரர் சொன்னதை நம் மலையே உறுதிசெய்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள நீலகிரிப் பக்கத்து யானைகளும் தெற்கே உள்ள ஆனைமலைப் பக்கத்து யானைகளும் மரபணுவில் வேறுபடுகின்றன. நடுவில் கடல் இல்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த சமவெளிதான். சோலைக்கிளி என்னும் சிறு காட்டுப்பறவையின் நிலையும் அதுவே: நீலகிரியில் ஓர் இனம், கணவாய்க்குத் தெற்கே வேறோர் இனம். பறக்கத் தெரிந்த பறவைக்கே ஒரு வெயில் சமவெளி கடலாகிவிட்டது. ஆகவே பாலூட்டிகள் கடக்காததை மட்டும் வைத்து நிலம் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். என் முதல் பதிவில் கூட்டத்தைப் பற்றி எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் இறால்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். புல்வெளி இருந்ததா, காடு இருந்ததா என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை. நீர் இருந்தால் கலக்கும், இல்லாவிட்டால் பிரியும். அலையாத்திப் பகுதி இணைகள் பிரிந்தது மிகப் பிந்திய காலத்தில். 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூசந்தி முழுதும் அடைபட்டிருந்தால், இந்த இணைகளின் மரபணு மற்ற உயிரினங்களில் நாம் அறிந்ததைவிட நான்கு மடங்கு மெதுவாக மாறியதாகக் கொள்ள வேண்டும். இறால் மட்டுமில்லை; மீன், கடல்முள்ளெலி, சிப்பி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குழுக்களிலும் பிந்திப் பிரிந்த இணைகள் இருக்கின்றன. அத்தனை கடிகாரங்களும் ஒரே அளவுக்குத் தாமதமாக ஓடின என்று நம்ப என்னால் இயலவில்லை.

தாராபுரம் வாசகி

ஒரு சின்ன ஐயம். கடல்மட்டம் ஏறி இறங்கினால் பாலமும் தோன்றித் தோன்றி மறையாதா? இலங்கை நம்மோடு சேர்ந்தும் பிரிந்தும் இருந்ததாகச் சொல்வார்களே.

பவானி கூடுதுறை

மறையும், அம்மா. கடைசிப் பனிக்காலத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தபோது பாக் நீரிணை தரையாக இருந்தது. பனி உருகியபின் மூழ்கியது. பனாமாவிலும் கடைசி வாய் அப்படித்தான் பலமுறை திறந்து மூடியிருக்க வேண்டும். 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் ஆண்டுகள் தரையாக இருந்து பிறகு மூழ்கியிருந்தால், ஓர் எறும்புக் கூட்டமோ ஸ்லாத்தோ கடந்துவிடும். கடல்நீரில் அதன் சுவடு பதியாமலே போகலாம். படையெறும்பின் இராணிக்குச் சிறகு இல்லை, அது கடலைக் கடக்காது என்பார்கள். அதன் மரபணுவைப் படித்தவர்களும், 30 இலட்சத்துக்கு முன்பே அது மத்திய அமெரிக்காவை அடைந்துவிட்டது, அதற்கு நிலையற்ற தரைவழிகள் உதவியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

நொய்யல் கரைக்காரர்

உடைப்பு அடைக்கும்போது இரவில் அடைத்த வாய் விடியற்காலை மறுபடி பிய்த்துக்கொண்டு போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பதிவேட்டில் அந்த இரவை எழுத மாட்டோம். பிய்த்துக்கொள்ளாமல் நின்ற நாளைத்தான் எழுதுவோம்.

சிவன்மலை அடிவாரம்

அந்த மாணவியிடம் நாளை என்ன சொல்வது என்று எனக்கு இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. கடைசியாக மூடி, மீண்டும் திறக்காமல் நின்ற காலம் என்று கேள்வியைத் திருத்தி எழுதச் சொல்லி, அதற்கு 28 இலட்சம் என்று விடை சொல்வேன். ஆழக்கடல் வாய் அடைபட்ட காலம் என்று கேட்டால், மியோசீன் என்று சொல்லி, மொந்தெஸ் குழுவின் மணிகளையும் நியோடிமியத்தையும் காட்டுவேன். தம்பி சங்ககிரிக் கல்லிடம் ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். எந்தச் சான்று கிடைத்தால் நீங்கள் 28 இலட்சத்தைக் கைவிடுவீர்கள்? மாணவி நிச்சயம் இதைக் கேட்பாள்.

சங்ககிரிக் கல்

கொலம்பியாவின் அத்ராத்தோ ஆற்றுப் படுகையும், அதை ஒட்டிய டாரியனின் சுக்குனாக்கே, துயிரா படுகைகளும்தான் விடை சொல்ல வேண்டிய இடங்கள், ஐயா. பனாமா வளைவு தென் அமெரிக்காவோடு முட்டிய தையல் அங்கேதான் இருக்கிறது. டாரியன் படுகைகளில் மியோசீன் காலக் கடற்படிவுகள் கிடைத்திருப்பதைத்தான் பிந்திய மூடலை ஆதரிப்பவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். கடற்சிப்பி உள்ள படிவு இருந்தால் அந்த நாளில் அந்த இடத்தில் கடல் இருந்தது, அதில் வாதமில்லை. பூசந்தியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, தாழ்ந்த படுகை ஒவ்வொன்றிலும், 1 கோடி ஆண்டுகளுக்கும் 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட அடுக்குகள் ஆற்று மணலாகவும் நிலத்து மண்ணாகவும் மட்டுமே இருப்பதாகக் காட்டினால் நான் 28 இலட்சத்தைக் கைவிடுவேன். ஒரே ஒரு படுகையில் கடல் அடுக்கு இடைவிடாமல் 30 இலட்சம் வரை தொடர்ந்தால் மொந்தெஸ் பக்கத்தார் முழுமையான மூடல் என்ற பேச்சைக் கைவிட வேண்டியிருக்கும்.

அந்தக் காட்டில் பாறை வெளியே தெரிவது அரிது. ஓடைக்கரைகளிலும் சாலை வெட்டுகளிலும்தான் அடுக்கைப் பார்க்க முடியும், சாலையோ அங்கே இல்லை. நம் ஊரில் ஒரு கிணறு வெட்டினாலே கல் கிடைத்துவிடுகிறது. மாணவியை ஒரு சனிக்கிழமை சேலம் அழைத்துவாருங்கள், ஐயா. சிவன்மலைப் பாறையிலிருந்து பிரித்த சிர்க்கான்களை நுண்ணோக்கியில் காட்டுகிறேன். வயதை மணி சொல்வது எப்படி, ஊரை மணி சொல்லாதது ஏன் என்பதை அவள் கண்ணாலேயே பார்க்கட்டும்.